காவல் நாய்க்குச் சரிவிகித ஆகாரம்

கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே கடலோரத்தில் திருவிடந்தை என்னும் கிராமம் இருக்கிறது. அதற்குக் கிழக்கே மணலும் மீனவர் குப்பங்களும், மேற்கே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும், அவற்றிற்கு அப்பால் ஏரிப் பாசன நன்செய்களும் உள்ளன. இப்பக்கத்துக் குடியானவர்களில் பலர் களத்து நெல்லையும், நிலக்கடலைக் கொல்லையையும், ஆட்டுப்பட்டியையும் இரவில் காப்பதற்கு நாயை நம்பியிருக்கின்றனர். உழவு மாட்டிற்கு வைக்கோல் இவ்வளவு, பிண்ணாக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வைக்கும் விவசாயி, நாயின் விஷயத்தில் மட்டும் கணக்கு ஒன்றும் பார்ப்பதில்லை. அடுப்படியில் மிஞ்சிய கஞ்சியும், இலையில் மிஞ்சிய சோறும் அதற்குப் போதும் என்பதே பொதுவான எண்ணம்.

இவ்வெண்ணத்தால் விளையும் நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆறு குட்டிகள் பிறந்த இடத்தில் இரண்டே மிஞ்சுவதும், மிஞ்சிய குட்டியின் முன்கால்கள் வில்போல் வளைவதும், வளர்ந்த நாய் ரோமம் உதிர்ந்து பகலெல்லாம் படுத்துக் கிடப்பதும், இரவில் காவலை விட்டு இரை தேடி ஓடுவதும் விதியினால் வருவன என்று கருதப்படுகின்றன. இவற்றுள் பல ஆகாரக் குறைவினால் வருவன. வயிறு நிறைதல் வேறு, தேகம் போஷணை அடைதல் வேறு என்பதை அறிந்து கொண்டால் இக்குறைகளைப் பெரும்பாலும் நீக்கலாம். அதற்கு வேண்டிய பொருள்கள் யாவும் கிராமத்திலும் கடற்கரையிலுமே கிடைக்கின்றன.

நாய்களைக் கொண்டு அறிந்த உண்மைகள்

ஆகாரத்தைப் பற்றி மனிதர் இன்று அறிந்திருக்கும் உண்மைகளுள் சில, நாய்களைக் கொண்டு செய்த சோதனைகளினாலேயே வெளிப்பட்டவை. 1816-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் மஜாந்தி என்னும் சாஸ்திரி ஒரு நாய்க்குச் சர்க்கரையையும் வடித்த தண்ணீரையும் தவிர வேறொன்றும் கொடாமல் வைத்துப் பார்த்தார். முதல் சில நாட்கள் அது சுறுசுறுப்பாகவே இருந்தது. பின்னர் நாளுக்கு நாள் மெலிந்து, கண்களில் புண் கண்டு, ஏறக்குறைய ஒரு மாதத்தில் இறந்தது. எண்ணெய், கோந்து முதலியவற்றைத் தனித்தனியே கொடுத்தபோதும் முடிவு அதுவே. சக்தி தரும் பொருள் எவ்வளவு இருந்தாலும், தசையை வளர்க்கும் பொருள் இல்லாவிடில் உயிர் நிலைக்காது என்பது இதனால் தெளிவாயிற்று.

1919-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து மெல்லன்பி என்னும் வைத்திய நிபுணர், நாய்க்குட்டிகளுக்குத் தானிய ஆகாரத்தைப் பெரும்பாகமாகக் கொடுத்து, அவற்றிற்கு எலும்பு மென்மையாகிக் கால் வளையும் கணை நோய் உண்டாவதைக் காட்டினார். அதே ஆகாரத்துடன் காட் என்னும் மீனின் ஈரல் எண்ணெயைச் சேர்த்துக் கொடுத்த குட்டிகளுக்கு அந்நோய் வரவில்லை. அவ்வெண்ணெயில் எலும்பை உறுதிப்படுத்தும் ஜீவசத்து ஒன்று தனியே உண்டு என்று 1922-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மக்காலம் என்பவர் நிலைநாட்டினார். அதுவே இப்போது வைட்டமின் ‘டி’ எனப்படுகிறது. 1937-ஆம் ஆண்டில் எல்வேயம் என்னும் அமெரிக்க சாஸ்திரி, ஆகாரக் குறைவினால் நாய்களுக்கு நாக்கு கறுத்துச் சாகும் நோயை, ஈரலிலிருந்து பிரித்தெடுத்த ஜீவசத்தினால் குணப்படுத்தினார். மக்காச்சோளத்தையே உண்டு வாழ்ந்த ஏழை மக்களை வருத்திய பெல்லாக்ரா என்னும் வியாதிக்கும் மருந்து அதுவே என்று பிறகு தெரிந்தது.

தமிழ்நாட்டிலேயே நீலகிரி ஜில்லாக் குன்னூரில் மக்காரிசன் என்பவர், 1920-ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், இந்தியாவின் பற்பல மாகாணத்தார் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த சீக்கியரின் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. அரிசியையே பெரும்பாகமாகக் கொண்ட சென்னை மாகாணத்து உணவை உண்டவை கடைசியில் நின்றன. மனிதருக்கே குறையுடைய அவ்வுணவில், பருப்பும் காய்கறியும் போக மிஞ்சிய கஞ்சி மட்டும் நாய்க்குக் கிடைக்கிறது என்பதை விவசாயிகள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகாரத்தின் ஆறு அங்கங்கள்

நாயின் ஆகாரத்தில் புரதச் சத்து, கொழுப்புச் சத்து, மாவுச் சத்து, தாது உப்புக்கள், ஜீவசத்துக்கள், தண்ணீர் ஆகிய ஆறும் அடங்கியிருக்க வேண்டும்.

புரதச் சத்து தசையையும் இரத்தத்தையும் ரோமத்தையும் உண்டாக்குவது. ஈரம் நீக்கிய ஆகாரத்தில் வளர்ந்த நாய்க்கு நூற்றுக்கு 18 பங்குக்குக் குறையாமலும், குட்டிக்கு 22 பங்குக்குக் குறையாமலும் புரதம் இருத்தல் நலம். அரிசியில் இருப்பதோ நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கே. ஆதலின் சோற்றை இரட்டிப்பாக இட்டாலும் இக்குறை தீராது. நாய் கொழுக்குமேயன்றி வலுப்பெறாது. மீன், முட்டை, இறைச்சி, பால், பயறு ஆகியவற்றாலேயே இக்குறை தீரும்.

கொழுப்புச் சத்து சக்தியைத் தருவதுடன் தோலுக்கும் ரோமத்திற்கும் மினுமினுப்பைத் தரும். சிக்கு வாடை வீசும் எண்ணெய் இதற்கு உதவாது.

மாவுச் சத்து ஓடியாடும் சக்தியை அளிப்பது. நாய் ஓநாயின் இனமாதலால் அதற்குச் சோறு ஆகாது என்று சிலர் கூறுவர். இது சரியன்று. மனிதரோடு பன்னெடுங்காலம் வாழ்ந்ததில், மாவுப் பொருளைச் செரிக்கும் திறன் ஓநாயைவிட நாய்க்கு மிகுதியாக அமைந்திருப்பதை 2013-ஆம் ஆண்டில் வெளியான சுவீடன் தேசத்து ஆராய்ச்சி காட்டியது. சோறு குழைய வெந்திருத்தல் வேண்டும். சோற்றைத் தள்ள வேண்டுவதில்லை. அது தனியாக நிற்கலாகாது என்பதே கருத்து. புழுங்கலரிசியில் பச்சரிசியைவிட ‘பி’ ஜீவசத்து அதிகம் தங்குவதால் அதுவே மேல். கஞ்சியை வடித்துக் கொட்டாமல் சோற்றுடனேயே சேர்த்துவிடுதல் உசிதம்.

தாது உப்புக்களில் மிகவும் கவனிக்கத் தக்கது சுண்ணாம்புச் சத்து. 15 கிலோ எடையுள்ள நாய்க்கு நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் அரிசியில் இருப்பது சுமார் 10 மில்லிகிராம் மட்டுமே. அரிசியினின்றே அதைப் பெற வேண்டுமானால் அந்நாய் தினமும் 10 கிலோ அரிசி உண்ண வேண்டியிருக்கும்! கேழ்வரகிலோ 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு.

ஜீவசத்துக்களுள் ‘சி’ என்பதை நாயின் தேகம் தானே உண்டாக்கிக் கொள்ளும். ஆனால் ‘டி’ ஜீவசத்து அவ்வாறன்று. மனிதருக்கு அது வெயில் படுவதால் தோலிலேயே உண்டாகும். நாயின் தோலில் அது போதிய அளவு உண்டாவதில்லை. எனவே, குட்டி நாள் முழுதும் வெயிலில் விளையாடினாலும் அதன் எலும்பு உறுதிப்படாது. ‘டி’ ஜீவசத்து ஆகாரத்தின் வழியாகவே வரவேண்டும்.

தண்ணீர் 15 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவில் வேண்டியிருக்கும். கோடையில் அதற்கு மேலும் வேண்டும். தொட்டியை நாள்தோறும் கழுவி, நிழலில் வைத்தல் அவசியம்.

இருவகைத் தவறு, ஒரே விளைவு

கஞ்சியை மட்டும் ஊற்றுவது ஒரு தவறு. வசதி படைத்தவர் அன்பு மிகுந்து எலும்பில்லாத கறியை மட்டும் இடுவது மற்றொரு தவறு. தசைக் கறியில் பாஸ்பரம் மிகுதி. சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. இவ்விரண்டில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரத்திற்குச் சமமாகவோ சிறிது மிகுதியாகவோ இருந்தால்தான் எலும்பு நன்கு அமையும். இல்லாவிடில் தேகம் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக் கொள்ளும். ஆகவே கஞ்சி குடித்த குட்டியும், கறியே தின்ற குட்டியும் ஈற்றில் ஒரே விதமாக நொண்டி நிற்கின்றன.

கடற்கரை தரும் செல்வம்

மெல்லன்பி பாட்டிலில் அடைத்த மீனெண்ணெயினால் தீர்த்த குறையை, இக்கடற்கரைக் குடியானவர் வலையில் விழும் சிறு மீனினால் தீர்த்துக் கொள்ளலாம். கவலை, நெத்திலி, காரப்பொடி ஆகிய சிறு மீன்களில் புரதம் நிறைந்துள்ளது. முள்ளோடு மெத்தென வேகவைத்தால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கவலை போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மீனில் ‘டி’ ஜீவசத்தும் உண்டு. கரையில் விலைபோகாமல் ஒதுக்கப்படும் பொடி மீனே இதற்குப் போதும். ஆயினும் நான்கு விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும்.

முதலாவது, மீனைப் பச்சையாக இடலாகாது. நெத்திலி, கவலை முதலிய மீன்கள் சிலவற்றில் ‘பி’ ஜீவசத்தின் ஒரு பகுதியை அழிக்கும் பொருள் உண்டு. அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டுகளில் பண்ணை நரிகளுக்குப் பச்சை மீனை இட்டதால் அவை கால் விழுந்து இறந்தன. வேகவைத்தால் அப்பொருள் கெட்டுவிடும்.

இரண்டாவது, கருவாட்டில் உப்பு மிகுதி. இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பிழிந்த பின்னரே வேகவைக்க வேண்டும். உப்பிடாமல் வெயிலில் உலர்த்திய நெத்திலி இதைவிடச் சிறந்தது.

மூன்றாவது, பெரிய மீனின் நடுமுள்ளும், சமைத்த கோழி எலும்பும் சிம்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும். அவற்றை விலக்க வேண்டும்.

நான்காவது, பேத்தை மீன் கொடிய விஷமுள்ளது. வேகவைத்தாலும் அவ்விஷம் நீங்காது. வலையில் வரும் பேத்தையைக் கரையில் எறியாமல் ஆழக் குழி தோண்டிப் புதைத்தல் வேண்டும்.

ஒரு நாளைய ஆகாரத் திட்டம்

15 கிலோ எடையுள்ள, காவல் வேலை செய்யும் வளர்ந்த நாட்டு நாய் ஒன்றுக்குக் கீழ்க்கண்ட அளவு பொருந்தும்.

புழுங்கலரிசி — 120 கிராம்
கேழ்வரகு மாவு — 30 கிராம்
சிறு மீன், குடல் நீக்கி வேகவைத்தது — 200 கிராம்
முருங்கைக்கீரை அல்லது பறங்கிக்காய் — 50 கிராம்
கடலெண்ணெய் — 10 கிராம்
முட்டை, வேகவைத்தது — ஒன்று, ஒருநாள் விட்டு ஒருநாள்
முட்டையோட்டுத் தூள் — கால் தேக்கரண்டி

அரிசி, மாவு, கீரை யாவற்றையும் சேர்த்துக் குழைய வேகவைத்து, இறக்கும் தறுவாயில் மீனையும் எண்ணெயையும் கலந்து, ஆறிய பின் இரு பங்காக்கிக் காலையிலும் பொழுது சாயும் வேளையிலும் வைக்க வேண்டும். கேழ்வரகை முளை கட்டி உலர்த்தி அரைத்தால் அதன் சுண்ணாம்புச் சத்து நன்கு ஜீரணமாகும்.

முட்டையோட்டைக் கொதிநீரில் இட்டு எடுத்து, வெயிலில் காயவைத்து, மாவாக இடித்துச் சலித்து வைத்துக் கொள்ளலாம். அதில் ஒரு தேக்கரண்டி அளவில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. மீனுக்குப் பதிலாக எலும்பில்லாத இறைச்சி இடும் நாட்களில் அரைத் தேக்கரண்டி தூள் வேண்டும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை இதற்குப் பதிலாக இடுதல் கூடவே கூடாது. அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். வாரத்திற்கு ஒரு முறை 50 கிராம் ஆட்டு ஈரலை வேகவைத்துக் கொடுத்தால் ‘ஏ’ ஜீவசத்துக் குறை வராது. தினமும் ஈரல் இடுவது கெடுதல்.

மீன் புழங்காத வீடுகளில் அரிசியை 90 கிராமாகக் குறைத்து, வேகவைத்த பாசிப்பயறு 100 கிராமும், தயிர் 300 கிராமும் சேர்க்கலாம். தயிரும் மோரும் பாலைவிட நாய்க்கு எளிதில் செரிக்கும். ஆயினும் இத்திட்டத்தில் ‘டி’ ஜீவசத்தும், ‘பி’ ஜீவசத்தில் ஒரு வகையும், சுண்ணாம்புச் சத்தும் குறையக்கூடும். முட்டையும் இடாத வீட்டார் கால்நடை மருத்துவரைக் கேட்டு அவற்றைத் தனியே மருந்தாகக் கொடுத்தல் அவசியம்.

அளவு சரியா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நாயின் விலாவைக் கையால் தடவினால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒவ்வொன்றாக எண்ணும்படி துருத்தி நிற்கலாகாது. மேலிருந்து நோக்கினால் இடுப்புச் சுருங்கித் தெரிய வேண்டும். இதன்படி சோற்றைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

குட்டிகளும் தாய் நாயும்

தாய் நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாட்கள். கடைசி மூன்று வாரங்களில் அதன் ஆகாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, முன் அளவைவிட நான்கில் ஒரு பங்கு முதல் பாதி வரை மிகுதியாகக் கொடுக்க வேண்டும். பால் கொடுக்கும் நாட்களில் குட்டிகளின் தொகைக்கு ஏற்ப இருமடங்கு, மும்மடங்கு வரையிலும் வேண்டியிருக்கும். ஆறு குட்டிக்குப் பாலூட்டும் தாய்க்குப் பழைய அளவுக் கஞ்சியையே ஊற்றினால் தாயும் தேயும், குட்டிகளும் மடியும்.

மூன்று அல்லது நான்கு வாரம் ஆனவுடன் குட்டிகளுக்குக் குழைந்த சோறும், முள் நீக்கி மசித்த மீனும், முட்டை மஞ்சள் கருவும் சிறிது சிறிதாகப் பழக்கலாம். ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் தாய்ப்பால் மறக்கும். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், பின்னர் இரண்டு வேளையும் ஆகாரம் வேண்டும். வளரும் குட்டிக்கு, எடைக்கு எடை பார்த்தால், வளர்ந்த நாயைவிட ஏறக்குறைய இரட்டிப்பு ஆகாரம் தேவை. குட்டியின் முன்கால் மணிக்கட்டு பருத்தாலும், கால் வளைந்தாலும், நடக்க மறுத்தாலும் உடனே கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். சுண்ணாம்புச் சத்து நல்லது என்று அளவு மீறிக் கொடுத்தாலும் எலும்பு கோணும் என்பதை மறத்தலாகாது.

குடற்புழுக்கள் இருக்கும் வரை எவ்வளவு ஆகாரம் இட்டும் பயன் இல்லை. பிறந்த இரண்டாம் வாரம் தொடங்கிக் குட்டிகளுக்குப் பூச்சி மருந்தும், மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் மருத்துவர் சொற்படி அளிக்க வேண்டும்.

விலக்க வேண்டியவை

வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். ஆதலால் சாம்பார், குழம்பு கலந்த சோற்றை நாய்க்கு இடும் வழக்கத்தை விட வேண்டும். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குழந்தைகள் தின்னும் சாக்லேட் விஷமாகும். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையும் பிண்ணாக்கும் மிகக் கொடியவை. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இத்தகைய கடலைப் பிண்ணாக்கை உண்ட வான்கோழிகள் லட்சத்திற்கு மேல் மடிந்தன. அதனின்றே அப்ளடாக்சின் என்னும் விஷம் வெளிப்பட்டது. நாயின் ஈரலையும் அது அழிக்கும். மழையில் நனைந்து கறுத்த கடலையைக் கோழிக்கும் மாட்டிற்கும் ஆகாதென்று ஒதுக்குகிறவர், அதை நாய்க்கு இடுதல் தகாது.

கிராமத்தின் நன்மை

நாயின் ஆகாரம் வீட்டுக்காரர் ஒருவரை மட்டும் பொறுத்ததன்று. அரைவயிற்று நாய் இரவில் கட்டில் நில்லாது. அது அயலார் ஆட்டுக்குட்டியைக் கடிக்கும், கோழியைக் கவ்வும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இக்கடற்கரை மணலில் முட்டையிட வரும் பங்குனி ஆமையின் குழிகளைத் தோண்டித் தின்பதும் நாய்களே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினால் காக்கப்படும் இவ்வாமை, ஒரு குழியில் நூறு முட்டை அளவில் இட்டுச் செல்கிறது. ஒரு நாய் ஒரே இரவில் அவ்வளவையும் பாழாக்கிவிடும். மாலையில் நிறைவாக உண்ட நாயும் களத்திலும் கொல்லையிலும் கட்டி வைத்தாலன்றி அலையக்கூடும். ஆகவே சரியான ஆகாரமும் இரவுக் கட்டும் இணைந்தே இருத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. ஆடு அறுக்கும் இடங்களில் நுரையீரல், ஈரல் முதலிய கழிவுகளைப் பச்சையாக நாய்களுக்கு எறியும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. அவ்வுறுப்புக்களில் நீர்க்கட்டிகள் இருந்தால் அவற்றினுள் உள்ள புழு நாயின் குடலில் வளர்ந்து முட்டைகளை வெளியிடும். அம்முட்டைகள் புல்லிலும் தண்ணீரிலும் கைகளிலும் ஒட்டி ஆடு மாடுகளுக்கும் மனிதருக்கும் சென்று, ஈரலிலும் நுரையீரலிலும் மீண்டும் கட்டிகளை உண்டாக்கும். இக்கழிவுகளைப் புதைப்பதற்கு ஊருக்கு ஒரு குழியேனும் ஏற்படுத்தினால் இத்தீமை பெரிதும் குறையும்.

சுருக்கம்

சோறு மட்டும் போதாது. கறி மட்டும் ஆகாது. சோற்றோடு மீனோ முட்டையோ பயறோ சேர வேண்டும். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் ‘டி’ ஜீவசத்தும் சேர வேண்டும். யாவும் வெந்திருக்க வேண்டும். குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அளவு மிகுதி. ஒரு பிடி கேழ்வரகும், ஒரு கை பொடி மீனும், குப்பையில் எறியும் முட்டையோடும் குடும்பத்திற்குப் பெருஞ் செலவு அல்ல. இவற்றை நாள் தவறாது இட்டுவரும் விவசாயியின் வீட்டுக் குட்டிகள் நேரான காலோடு வளரும். களத்து நெல்லுக்கும் பட்டி ஆட்டுக்கும் விடியுமட்டும் விழித்திருக்கும் காவல் கிடைக்கும்.